ஜாடிக்கு மேல வெள்ளையா கெடக்கா? பூசணமான்னு பாக்கவும் அடுத்த தடவை வராம தடுக்கவும்

போன ஐப்பசில நல்ல அடைமழை, கரண்டும் இல்ல, ராத்திரி ஒரு ஒம்போது மணி இருக்கும், கருங்கல்லேருந்து எங்க அக்கா மவ வீடியோ கால்ல வந்தா. "சித்தி, இஞ்சி சோடாவுக்கு போட்டு வச்சேன்லா, மேல வெள்ளையா என்னமோ படந்து கெடக்கு, கரண்டியால கோரிக் களைஞ்சிட்டு குடிக்கலாமா?" "மக்ளே, மூடியத் தெறக்காத, உங்கம்மைக்க செல்ல எடுத்து டார்ச்ச சைடுல சரிச்சு அடிச்சுக் காட்டு"ன்னேன். காட்டுனா. பால் காய்ச்சி ஆற வச்சா மேல ஆடை கட்டுமே அது மாதிரி தட்டையா, சுருக்கம் சுருக்கமா ஒரு படலம், ரோமம் ஒண்ணும் இல்ல. அது பூசணம் இல்ல, அவளுக்க ஜாடி தப்பிச்சுது. ஆனா அதே வாரம் தக்கலைப் பக்கம் எங்க வீட்டுல நான் போட்டிருந்த அஞ்சு லிட்டர் கொம்புச்சா (சீனி போட்டுப் புளிக்க வைக்கிற டீ) மேல பச்சைப் பூசணம் ஏறி, மொத்தத்தையும் தென்ன மூட்டுல குழி வெட்டி ஊத்த வேண்டியதாப் போச்சு. ஒரே மழை, ஒரே வாரம், ஒண்ணு தப்பிச்சுது ஒண்ணு போச்சு. ஏன்னு அன்னைக்கு உக்காந்து யோசிச்சதும் அதுக்குப் பொறவு மாத்திக்கிட்டதும்தான் இதுல எழுதுறேன்.

மொதல்ல ஒரு விஷயம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல கிறிஸ்மஸ்னா முந்திரி வைன் ஞாபகம் வராத வீடு கம்மி. முந்திரின்னா இங்க திராட்சைதான்னு வெளியூர்க்காரங்களுக்கும் சொல்லிடுறேன், கொட்டைய நாங்க அண்டிப்பருப்புன்னு சொல்லுவோம். ஆனா லைசென்ஸ் இல்லாம மது வடிக்கிறது 1937ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டுல தப்பு, வீட்டுக்குன்னு போட்டாலும் அப்படித்தான். அதனால நான் இங்க சொல்றது இஞ்சி சோடா, கைதச்சக்கை (அன்னாசி) தோல் சோடா, கொம்புச்சா இந்த மாதிரி ரெண்டு நாள்ல இருந்து பத்து நாளைக்குள்ள புளிச்சு முடியுற லேசான ஐட்டங்களுக்கு. பாட்டிமார் பரணில (பீங்கான் ஜாடில) வைன் போட்டப்போ செஞ்ச சில வேலைகள் பூசணத்துக்கு எதிரா அவ்வளவு சரியா இருந்துது, அதையும் இடைல சொல்லுவேன்.

நம்ம மாவட்டத்துல மட்டும் ஏன் இவ்வளவு தொல்லைன்னா, தமிழ்நாட்டுல மத்த இடங்களுக்கு பெரும்பாலும் ஒரு பருவமழைதான் பெருசு, நமக்கு ஜூன்ல தென்மேற்கு ஆரம்பிச்சா அது போறதுக்குள்ள அக்டோபர்ல வடகிழக்கு வந்துரும். இடைல காத்துல ஈரம் குறையவே குறையாது. பீரோல பெல்ட்டு பூக்கும், செருப்பு பூக்கும், குலசேகரம் பக்கம் ரப்பர் வச்சிருக்கவங்கள கேட்டுப் பாருங்க, ஷீட்ட ரெண்டு நாள் புகைப்புரைல போடாம விட்டா வெள்ளையும் பச்சையுமா பூத்து கிரேடு போயிரும். அந்தப் பூசணத்தோட வித்து, கண்ணுக்குத் தெரியாத தூசி, வீடு முழுக்க பறந்துட்டுத்தான் இருக்கு. அத ஒண்ணும் பண்ண முடியாது. நம்ம ஜாடிக்குள்ளயும் விழத்தான் செய்யும். விழுந்த வித்துக்கு முளைக்க இடம் கொடுக்காம இருக்கிறதுதான் நம்ம கைல உள்ளது.

பூசணத்துக்கு என்ன வேணும்? காத்து வேணும், ஈரம் வேணும், இனிப்போ மாவோ ஏதாவது சாப்பாடு வேணும், ஆளரவம் இல்லாம ரெண்டு மூணு நாள் வேணும். காத்து இல்லாம அது வளராது, அதனாலதான் எப்பவும் மேல்மட்டத்துல மட்டும் வரும், வெள்ளத்துக்கு (தண்ணிய நாங்க அப்படித்தான் சொல்லுவோம்) அடியில இருக்கிற இஞ்சித் துண்டு பூக்காது, மேல மிதக்கிற துண்டுதான் பூக்கும். இன்னொரு பக்கம் நாம வளக்கிற ஈஸ்ட்டும் புளிப்பு பாக்டீரியாவும் இருக்கு, அதுங்க வேலை ஆரம்பிச்சா இனிப்பத் தின்னு புளிப்ப உண்டாக்கும், கார்பன் டை ஆக்சைடு வாயுவ விடும், அந்த வாயு மேல நிரம்பி காத்தை வெளிய தள்ளும். அப்போ இது ஒரு ஓட்டப்பந்தயம். நம்ம ஆளு மொத மூணு நாளைக்குள்ள புளிப்பையும் வாயுவையும் ஏத்திட்டா பூசண வித்து கெடந்து ஒறங்கும், நம்ம ஆளு சோம்பலா ஆரம்பிச்சா பூசணம் முந்திக்கும். புளிப்பு மட்டும் போதாதுங்கிறதையும் ஞாபகம் வைங்க, பூசணம் கொஞ்சம் புளிப்பத் தாங்கும், எலுமிச்சம்பழமே பூக்குதே. புளிப்பும் வேணும், காத்தும் தடுக்கணும், மிதக்கவும் விடக்கூடாது. கொம்புச்சாவுக்கு மட்டும் இதுல ஒரு மாத்தம் இருக்கு, அதுக்குத் தனியா வரேன்.

பூசணமா, ஆடையா, ஸ்கோபியா

இங்கதான் நிறைய பேர் நல்ல ஜாடிய களையுறாங்க, கெட்ட ஜாடிய குடிக்கிறாங்க.

அக்கா மவளுக்கு வந்தது படல ஈஸ்ட், வெளிநாட்டுல காம் ஈஸ்ட்டுன்னு சொல்லுவாங்க. வெள்ளையோ இளமஞ்சளோ இருக்கும், தட்டையா இருக்கும், ஈரமா இருக்கும், ஜாடிய லேசா ஆட்டினா சுருங்கி உடையும். சில நேரம் மாவு தூவுன மாதிரியும் தெரியும். ஆபத்து கெடையாது, ஆனா ருசிய கெடுக்கும், ஒரு பழைய பாலாடை மாதிரி வாடை வரும். சுத்தமான கரண்டியால மேலாக்க எடுத்துட்டு, மிதக்கிறத அமுக்கி, மூடிய இறுக்கி, ஃப்ரிட்ஜுல வச்சு சீக்கிரம் குடிச்சுத் தீத்துருங்க. இது வந்துதுன்னா காத்து உள்ள போகுதுன்னு அர்த்தம், அடுத்து பூசணமும் வரலாம்ங்கிற முன்னறிவிப்பு மாதிரி எடுத்துக்கோங்க.

கொம்புச்சாவுல புதுசா ஸ்கோபி (ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேந்து மேல கட்டுற தடிச்ச தோல்) கட்டும்போது மொத மூணு நாலு நாள்ல பயமுறுத்தும். அங்கங்க வெள்ளைப் புள்ளி, கண்ணாடி மாதிரி மெல்லிசா ஒரு தோல், அதுக்கு அடியில பழுப்பு நூல் நூலா தொங்கும், கரும்பழுப்புத் திட்டு கூட இருக்கும். நூலும் திட்டும் ஈஸ்ட்டு, தோல் பாக்டீரியா நெஞ்ச செல்லுலோஸ். பளபளன்னு ஈரமா இருந்தா, வழுவழுப்பா இருந்தா, பயப்படாதீங்க. நொங்குத் தோல் உரிச்சா உள்ள ஈரமா மினுங்குமே, அந்த மினுக்கம் இருக்கும்.

பூசணம் அப்படி இருக்காது. எனக்கு வந்தத அப்படியே சொல்றேன். அஞ்சாவது நாள் காலைல துணிய எடுத்தேன், நடுவுல அஞ்சு ரூவா நாணயம் அளவு ஒரு வட்டம், நடுப்பக்கம் சாம்பல் கலந்த பச்சை, ஓரத்துல சுத்தி வெள்ளை வளையம். டார்ச்ச சரிச்சு அடிச்சப்போ அந்த வெள்ளை ஓரத்துல பொடிப் பொடியா மயிர் நட்டமா நிக்குறது தெரிஞ்சுது. அதுக்கு ரெண்டு விரக்கடை தள்ளி இன்னொரு சின்ன வட்டம், அது இன்னும் பச்சை ஆகல, பஞ்சு மாதிரி. சுத்தி எல்லாம் ஈரமா மினுங்குது, அந்த ரெண்டு வட்டம் மட்டும் காஞ்சு வெல்வெட் துணி மாதிரி கெடக்கு. அடைச்சுப் போட்ட பழைய சாக்கு வாடை. வட்டமா இருக்கிறது, காஞ்சு இருக்கிறது, மயிரு மயிரா இருக்கிறது, இந்த மூணும்தான் அடையாளம். பச்சை, நீலம், கருப்பு, ஆரஞ்சு எந்தக் கலர் வந்தாலும் சந்தேகமே வேண்டாம். வெள்ளையா இருந்து சந்தேகம்னா மூடி வச்சு ஒரு நாள் பாருங்க, பூசணம்னா அடுத்த நாள் மயிரு நல்லா தெரியும், கலரும் ஏறும். மூக்க கிட்ட கொண்டு போய் மோந்து மட்டும் பாக்காதீங்க, வித்து தூசி நெஞ்சுக்குள்ள போகும், இழுப்பு இருக்கவங்க ஜாடி பக்கமே வர வேண்டாம்.

வந்துட்டா களையணும், அவ்வளவுதான்

இதுல எனக்கும் எங்க அம்மைக்கும் சண்டையே வந்துச்சு. "ஊறுகாய்ல மேல பூத்தா அந்த அடுக்க எடுத்து மாத்திட்டு நல்லெண்ண ஊத்தி வைக்கிலியா, இதுல மட்டும் என்னட்டி"ன்னு கேட்டா அம்மை. "அம்மா, இது தண்ணியா இருக்கதும்மா, மேல எடுத்தா அடியில உள்ளது அப்படியே நிக்கும்"னேன். நாம மேல பாக்கிற வட்டம் பூவும் காயும் மாதிரி, அதுக்க வேரு நூல் கீழ இறங்கிதான் இருக்கும். அதோட சில பூசண வகைங்க விஷம் சுரக்கும். கொப்பரைலயும் கடலைலயும் வர பூசணம் அஃப்ளாடாக்சின் உண்டாக்கும், முந்திரிப் பழத்துல ஒக்ராடாக்சின் வரும், அழுகுன ஆப்பிள்ல பட்டுலின். எல்லா பூசணமும் விஷம் இல்ல, ஆனா எது விஷம்னு கண்ணால பாத்து யாராலும் சொல்ல முடியாது. தண்ணில கலந்துட்டா மேல கோரி எடுத்தாலும் போகாது, துணில வடிகட்டுனாலும் போகாது, அஃப்ளாடாக்சின் எல்லாம் கொதிக்க வச்சாலும் அழியாது. "வாசம் நல்லாத்தானே இருக்கு"ன்னு சொல்லிட்டு குடிக்காதீங்க. கொம்புச்சா ஸ்கோபிய கழுவி வினிகர்ல முக்கி திரும்ப உபயோகிக்கலாம்னு சிலர் சொல்லுவாங்க, வேண்டாம், அதையும் சேத்துக் களைங்க. அந்த அஞ்சு லிட்டரை ஊத்தும்போது எனக்கு வயிறு எரிஞ்சுது, ரெண்டு வருஷமா கூட வச்சிருந்த ஸ்கோபி அது. ஆனாலும் ஊத்தினேன்.

களையுறதுக்கும் ஒரு முறை இருக்கு. வீட்டுக்குள்ள வச்சு துணிய உதறாதீங்க. மூக்குல துணி கட்டிட்டு, ஜாடிய மூடினபடியே வெளிய கொண்டு போய், காத்தடிக்கிற திசைக்கு முதுகு காட்டி நின்னு ஊத்தி மண்ணு போட்டு மூடுங்க. மேல கட்டின துணி, கிளறுன மரக்கரண்டி, உள்ள வச்ச பிளாஸ்டிக் தட்டு இதெல்லாம் ஜாடி கூடவே போகட்டும், மரத்துலயும் கீறல் விழுந்த பிளாஸ்டிக்லயும் வித்து ஒளிஞ்சுக்கும். கண்ணாடி, பீங்கான், ஸ்டீல் மட்டும் திரும்ப எடுக்கலாம். சோப்பு போட்டு வெந்நீர்ல கழுவி, சலவை சோடா கரைச்ச சுடுவெள்ளத்துல அரை மணி நேரம் ஊற விட்டு, நல்லா அலசி, அப்புறம் வெயில். பிளீச் ஊத்தி கழுவுறவங்க ஒண்ணு கவனிங்க, பிளீச்சும் வினிகரும் எக்காரணம் கொண்டும் சேரக் கூடாது, குளோரின் வாயு கெளம்பும், மூடுன பாத்ரூமுக்குள்ள வச்சு ரெண்டையும் ஊத்தினா உயிருக்கே ஆபத்து.

வராம பாக்கிறது

மழைக்காலத்துல வெயில் எங்க போய் தேட? அதுக்கு நான் கண்டுகிட்ட வழி இட்லிப் பானைதான். சின்ன ஜாடியையும் பாட்டிலையும் கழுவி, பானைல பச்சத் தண்ணி இருக்கும்போதே தட்டுல கவுத்தி வச்சு அடுப்பப் பத்த வச்சுருங்க, ஆவி வந்த பொறவு 15 நிமிஷம். சூடான பானைல குளிந்த கண்ணாடிய வச்சா பொட்டுன்னு கீறும். எடுத்த பொறவு கையால தொடைக்காம தானா உலர விடுங்க, அடுக்களைல தொங்குற கைத்துணில தொடைச்சா அவ்வளவு நேரம் ஆவி காட்டினதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல, அந்தத் துணிதான் வீட்டுலயே அழுக்கு.

ஜாடி வைக்கிற இடம் பத்தி நான் பட்ட பாடு. என் ஜாடி இருந்த அலமாரிக்கு நேர் கீழ வெங்காயக் கூடை. வெங்காயத் தோலுக்குள்ள கருப்பா பொடி இருக்கும் பாத்திருப்பீங்க, கைல ஒட்டும், அழுக்குன்னு நெனைச்சு கழுவுவோம், அது அழுக்கு இல்ல, அஸ்பெர்ஜில்லஸ்னு ஒரு பூசணம். அடுத்தாப்புல சாக்குல கொப்பரை, மழைல சரியா காயாதது. பூசணத்துக்க தோட்டத்துக்கு நடுவுல கொண்டு வச்சிருக்கேன் நான். அதனால வெங்காயம், உருளைக்கிழங்கு, கொப்பரை, விறகு, ரப்பர் ஷீட், குப்பைத் தொட்டி, ஓதம் ஏறின சுவர் இதுக்கு பக்கத்துல வேண்டாம். மட்டிக்குலை பழுக்க தொங்க விட்டிருக்கிற இடத்துக்கும் தூரமா வைங்க, பழத்த சுத்துற சின்ன ஈ அங்க இருந்து நேரா ஜாடிக்குத்தான் வரும், காலுல எல்லாத்தையும் சுமந்துட்டு வரும். இப்போ என் ஜாடி எல்லாம் ஹால்ல புத்தக ஷெல்ஃப் மேல இருக்கு, ஃபேன் காத்து நேரா அடிக்காது, சாம்பிராணி புகை அங்க போகாது, எறும்பு ஏறாம இருக்க ஒரு தட்டுல தண்ணி ஊத்தி நடுவுல கிண்ணத்த கவுத்தி அதுக்கு மேல ஜாடி.

தண்ணி. பஞ்சாயத்துக் குழாய்ல சில நாள் குளோரின் வாடை தூக்கும், அது நம்ம ஈஸ்ட்டையும் அடிச்சு தளர வச்சுரும், பந்தயத்துல மொத நாளே பின்தங்கிரும். கிணத்து வெள்ளமோ குழாய் வெள்ளமோ, கொதிக்க வச்சு முழுசா ஆற வச்சு எடுங்க. முழுசா ஆறணும், சூட்டோட ஊத்தினா நம்ம ஆளு செத்துரும், பொறவு ஜாடில இருக்கிறது பூசணத்துக்கு வச்ச சர்க்கரைத் தண்ணி.

இப்போ இஞ்சி. நாட்டு இஞ்சி, மண்ணு போக கழுவி, தோலோட துருவணும், ஏன்னா ஈஸ்ட்டு தோல்லதான் இருக்கு. அரை லிட்டர் ஆறின வெள்ளம், ஒரு டேபிள்ஸ்பூன் துருவுன இஞ்சி, ஒரு டேபிள்ஸ்பூன் சீனி. தெனமும் அதே அளவு ரெண்டையும் சேத்து காலைலயும் ராத்திரியும் நல்லா கலக்கி விடணும். நம்ம ஊர் சூட்டுக்கு மூணாவது நாளே நுரை பொங்கும், மழைன்னா நாலஞ்சு நாள். அந்தக் கலக்குறதுதான் இதுல உயிர். மேல மிதக்கிற இஞ்சி துருவல்ல விழுந்த வித்து முளைக்க ஆரம்பிக்கும்போதே உள்ள அமுக்கிருவோம், அதுக்கு காத்து கிடைக்காது, புளிப்புல முங்கிரும். ஒரு நாள் கலக்க மறந்தா பரவால்ல, ரெண்டு நாள் மறந்தா மேல் துருவல் காஞ்சு வாசல் தெறந்து வச்ச மாதிரி. ஆறு நாளாகியும் குமிழே வரலன்னா காத்திருக்காதீங்க, அந்த இஞ்சி சரியில்ல, புதுசா போடுங்க. நுரை வந்த தண்ணிய வடிச்சு, கொதிச்சு ஆறின இஞ்சிச் சாறு, சீனி, எலுமிச்சை கலந்த தண்ணி ஒரு லிட்டருக்கு அரை டம்ளர் வீதம் ஊத்தினா சோடா ரெடி ஆகும்.

கைதச்சக்கைத் தோல்தான் ரொம்ப கவனம் வேண்டியது. ரப்பர் மரம் சின்னதா இருக்கும்போது இடைல கைதச்சக்கை போடுறதால சீசன்ல மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் சல்லிசா கெடைக்கும். நல்லா பழுத்தது ஒண்ணோட தோலும் நடுத்தண்டும், 100 கிராம் கருப்பட்டி, ரெண்டு லிட்டர் தண்ணி, ரெண்டுல இருந்து மூணு நாள். தோல் மிதக்கும், அதான் பிரச்சனை. அடி அழுகினது, ஏற்கனவே பூத்தது ஒரு துண்டு கூட சேக்காதீங்க. துண்டுங்கள ஒரு வெந்நீர்ல அவிச்ச மெல்லிசு துணில மூட்டை கட்டி, மேல ஒரு பீங்கான் தட்டு, அதுக்கு மேல பாரம். பாரத்துக்கு கல்லு வைக்கிறதா இருந்தா ஆத்துல உள்ள வழுவழு உருண்டைக் கல்ல அவிச்சு வைங்க, சுண்ணாம்புக் கல்லோ சிப்பியோ வேண்டாம், புளிப்புல கரையும். எனக்கு வசதியா இருக்கிறது சிப்லாக் கவர்ல தண்ணி நெறைச்சு ஜாடி வாய்க்குள்ள இறக்கி விடுறது, அது ஜாடி வடிவத்துக்கே பரந்து உக்காந்து ஒரு துண்டையும் மேல வர விடாது. மூணாவது நாள் தோலை எடுத்துக் களைஞ்சு வடிச்சிருங்க. ருசி இன்னும் எறங்கட்டும்னு நாலு அஞ்சு நாள் விட்டவங்க ஜாடிலதான் நான் அதிகமா பூசணம் பாத்திருக்கேன்.

ஜாடி அளவும் முக்கியம். ரெண்டு லிட்டர் போட அஞ்சு லிட்டர் பரணி எடுக்காதீங்க. மேல காலியா இருக்கிற இடம் முழுக்க காத்து, அத்தனையையும் வெளிய தள்ள நம்ம ஈஸ்ட்டு ரெண்டு நாள் கூடுதலா மூச்சு விடணும். கழுத்துக்கு ரெண்டு மூணு விரக்கடை கீழ வரைக்கும் நெறைங்க, நுரைக்கு அது போதும். வாயு வெளிய போகவும் காத்து உள்ள வராமலும் இருக்க மூடில ஒரு ஓட்டை போட்டு, மெடிக்கல் ஷாப்புல கிடைக்கிற டியூபைச் செருகி, மறு முனைய பக்கத்துல ஒரு பாட்டில் தண்ணிக்குள்ள விடுங்க. பொளக் பொளக்குன்னு குமிழ் வர சத்தம் கேட்டா உள்ள எல்லாம் நல்லா இருக்கு. இது உள்ள ஜாடிய கலக்க தெறக்க வேண்டாம், துண்டு முங்கி இருந்தா போதும். கலக்குற ஜாடின்னா துணி, தெறக்காத ஜாடின்னா டியூப், ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

எங்க பாட்டிக்கு டியூப்பும் தெரியாது கார்பன் டை ஆக்சைடும் தெரியாது. பரணில முந்திரி போட்டா மொத வாரம் தெனமும் குளிச்சிட்டு வந்து, வேற யாரையும் தொட விடாம, அவிச்சு காய வச்ச ஒரே தவியால மேல எழும்பி நிக்கிற தோலை எல்லாம் அடியில அமுக்கி கலக்கி விடுவா. ஒரு நாள் தவறாது. தோல் மேல எழும்புறது வாயு தூக்குறதால, அது காஞ்சா அங்கதான் பூக்கும், அதத்தான் அவ தெனமும் முக்கினா. பொங்கல் அடங்கின பொறவு பரணி மூடிய சுத்தி மாவு குழைச்சு அப்பி துணி கட்டிருவா. வைத்தியன்மார் அரிஷ்டத்துக்கு சீலைமண் பண்ணுறதும் இதேதான், சீலைல மண்ணு பூசி வாயக் கட்டுறது, காத்து போகாம. மொதல்ல கலக்கு, பொறவு அடை, இதுல மாத்திச் செஞ்சா ரெண்டும் போச்சு.

கொம்புச்சா தனி

இதுக்கு காத்து வேணும், புளிப்பு பாக்டீரியா காத்துலதான் வேலை செய்யும். டியூபும் போட முடியாது, கலக்கவும் கூடாது, கலக்கினா ஸ்கோபி கட்டாது. பூசணத்துக்குப் பிடிச்ச மாதிரி மேல் முகம் முழுக்க தெறந்து கெடக்கும். அப்போ மிச்சம் இருக்கிற ஒரே காவல் புளிப்பு, அதுவும் மொத நிமிஷத்துல இருந்தே. ஒரு லிட்டர் வெள்ளத்துக்கு ரெண்டு டீஸ்பூன் தேயிலை, 70 கிராம் சீனி, நல்லா ஆறின பொறவு முந்தின தடவை புளிச்ச கொம்புச்சா 100ல இருந்து 200 மில்லி. இத மட்டும் குறைக்காதீங்க. நான் செஞ்ச தப்பு இங்கதான், பழைய தண்ணிய கேட்டவங்களுக்கெல்லாம் கொடுத்துட்டு அஞ்சு லிட்டருக்கு ஒரே ஒரு டம்ளர் மட்டும் ஊத்தினேன், குறைஞ்சது அரை லிட்டர் வேணும், மழைக்காலம்னா முக்கால் லிட்டர். அது புளிக்க ஆரம்பிக்கிறதுக்குள்ள நாலு நாள் போயிருக்கு, அந்த நாலு நாளும் கீழ வெங்காயம் பக்கத்துல கொப்பரை. ஸ்கோபி பெருசா இருந்தா போதும்னு நெனைச்சேன், ஸ்கோபி முக்கியமில்ல, புளிச்ச தண்ணிதான் முக்கியம். அதுவும் ஜாடிக்கு மேல்பக்கத்துல இருந்து எடுத்தது, அடியில ஈஸ்ட்டு வண்டல் கூட இருக்கும்.

புளிப்பு அளக்குற பிஹெச் பேப்பர் (நம்பர் குறையக் குறைய புளிப்பு கூடுதல்) ஒரு புக்கு வாங்கி வைங்க, விலை கம்மிதான். கலந்த உடனே முக்கிப் பாத்தா 4.5க்கு கீழ இருக்கணும். இல்லன்னா இன்னும் பழைய தண்ணி ஊத்துங்க, அதுவும் இல்லன்னா சாதாரண வெள்ளை வினிகர் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி இறக்குங்க. குடிக்கிற பக்குவத்துல அது 3 பக்கம் வந்திருக்கும். மசாலா டீத்தூள், ஏலக்காய் வாசனை சேத்த தூள் வேண்டாம், அந்த எண்ணெய் மேல மிதந்து பாக்டீரியாவ கெடுக்கும். இஞ்சி, பழம் எல்லாம் புளிச்சு முடிஞ்சு பாட்டில்ல ஊத்தும்போது போட்டா போதும், மொதல் ஜாடில போடாதீங்க. வாய்க்கு கட்டுற துணி நெருக்க நெசவு உள்ள பழைய வேட்டித் துணி, ரெண்டு மடிப்பு, ரப்பர் பேண்டு இறுக்கமா. சல்லடைத் துணி கட்டினா ஈ நுழையும். துணி நனைஞ்சா அன்னைக்கே மாத்துங்க, ஈரத் துணி மேலயே பூத்து உள்ள உதிரும். பித்தளை, செம்பு, அலுமினியம், மண் பானை ஒண்ணும் ஆகாது, கண்ணாடிதான். ஸ்கோபிய ஃப்ரிட்ஜுல வச்சு பாதுகாக்கிறதும் வேண்டாம், குளிருல அதுக்க வீரியம் குறையும், வெளிய எடுத்து போட்டதும் பந்தயத்துல தோத்துரும்.

கிராம்பு போட்டா பூக்காதான்னு கேப்பாங்க. மாறாமலை கிராம்பு ரெண்டு மூணு போட்டா வாசமும் நல்லா இருக்கும், அதுல உள்ள யூஜினால் பூசணத்த கொஞ்சம் தடுக்கவும் செய்யும், ஆனா அளவு கூடினா நம்ம ஈஸ்ட்டையும் சேத்து தடுக்கும். கிராம்ப நம்பி பாரம் வைக்காம விட்டுராதீங்க.

பாட்டில்ல அடைச்ச பொறவு பூசணம் அபூர்வம், அங்க வேற பயம், வாயு சேந்து கண்ணாடி வெடிக்கும். பழைய பிளாஸ்டிக் சோடா பாட்டில்ல அடைங்க, அமுக்கிப் பாத்து கல்லு மாதிரி ஆனதும் ஃப்ரிட்ஜுக்கு. நம்ம சூட்டுக்கு ஒரு நாள், கூடிப்போனா ரெண்டு நாள். இதுல எல்லாம் கொஞ்சூண்டு ஆல்கஹாலும் இருக்கும், அதனால கொச்சுப் பிள்ளைங்களுக்கும், கர்ப்பமா இருக்கவங்களுக்கும், எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கும், குடிய விட்டவங்களுக்கும் கொடுக்க வேண்டாம்.

ஒவ்வொரு தடவையும் கொம்புச்சா வடிக்கும்போது நல்லா புளிச்ச தண்ணி கால் லிட்டரும் ஒரு துண்டு ஸ்கோபியும் தனி பாட்டில்ல எடுத்து, துணி கட்டி, வேற ரூம்ல வைங்க. முடிஞ்சா வேற வீட்டுலயே வைங்க. என்னுது போன மறுவாரம் அக்கா மவ ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில தூக்கிட்டு பஸ்ல வந்தா, ரெண்டு மாசம் முன்ன நான் கொடுத்ததுல இருந்து அவ வளத்தது. "சித்தி, முழுசையும் ஊத்திக்கோ, எங்கிட்ட இன்னும் இருக்கு"ன்னா. அந்த தண்ணில ஒரு லிட்டர் மட்டும் போட்டேன், பேப்பர் முக்கிப் பாத்து, ஷெல்ஃப் மேல வச்சு. இப்போ ஓடிட்டு இருக்கிறது அதோட வாரிசுதான்.